மூன்று வருடம் படுத்துக் கிடந்த பைக்

"பைக்குல போறேன்" என்று சொல்லி ஜீவராணி வாயை மூடுவதற்குள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் வாசலே சிரித்துவிட்டது. முதலில் சிரித்தவன் அவளுடைய கொழுந்தன் ரெஜினோல்ட்.

"எந்த பைக்குல அண்ணி? விறகுக்குப் பக்கத்துல கோழி முட்ட போடுதே, அந்த பைக்குலயா?"

அந்த பைக்கில்தான். மூன்று வருடமாக அது லயத்துக் கோடியில், விறகோடு விறகாக, சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. சீட்டின் மேல் கோழி அடைகாத்ததும் உண்மைதான். உண்மையாக இருந்தால் என்ன, அதற்காக ஒரு மனுஷி பேசும்போது இப்படியா பல்லைக் காட்டுவது?

விஷயம் இதுதான். எஹலியகொடையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் பளீல் ஹாஜியாருக்கு டவுனுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் றப்பர்க் காணி உண்டு. அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்தவர் நோயில் விழுந்துவிட்டார். நல்ல கை ஒன்று தேடி ஹாஜியார் வியாழக்கிழமை பின்னேரம் தோட்டத்துக்கே ஏறி வந்துவிட்டார். கணக்கப்பிள்ளையிடம் விசாரித்தாராம். அவர் யோசிக்காமல் ஜீவராணியின் பெயரைச் சொன்னாராம். முந்நூறு மரம், பாலில் பாதிக்குப் பாதி. தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வேலைக்குப் பேர் போட்டுவிட்டு மிச்ச நாளெல்லாம் வீட்டில் உட்கார வைக்கிற காலத்தில் இது லேசில் கிடைக்கிற வாய்ப்பா?

"திங்கக்கிழம ஆறு மணிக்கு முந்தி நீங்க மரத்தடியில நிக்கோணும் புள்ள," என்று ஹாஜியார் கண்டிப்பாகச் சொன்னார். "வெயில் ஏறினா பால் நிண்டு போகும். நீங்க வராட்டி நான் வேற ஆளப் பாத்துக்குவேன். பொறகு எனக்கிட்ட வந்து அழப்படாது."

காணி ஏழு மைல் தூரத்தில் இருக்கிறது. தோட்டத்து கேட்டிலிருந்து முதல் பஸ் ஆறரைக்குத்தான். தினமும் த்ரீவீலர் பிடித்தால் வெட்டுகிற பாலெல்லாம் வாடகைக்கே போய்விடும். அதனால்தான் பைக் என்றாள்.

ரெஜினோல்ட் சிரித்ததற்கு வேறு காரணமும் இருந்தது. ஹாஜியாரை மேலே ஏற்றிக்கொண்டு வந்தது அவனுடைய த்ரீவீலர். திரும்ப இறக்கிக்கொண்டு போகும்போது வழி நெடுக அவன் ஹாஜியாரின் காதைக் கடித்திருக்கிறான். "அண்ணிக்கு அந்த நேரத்துக்கு வர வழியில்ல மொதலாளி. நானும் பால் வெட்டுனவன்தான்." வெட்டினவன்தான், யார் இல்லையென்றது? வெட்டி ஆறு வருடம் ஆகிறது. கத்தியைக் கூரையில் சொருகிவிட்டு த்ரீவீலர் ஓட்டப் போனவனுக்கு இப்போது ஹயர் ஓட்டம் குறைந்ததும் மரத்தின் மேல் பாசம் வந்துவிட்டது.

"அது அண்ணன் வண்டி அண்ணி," என்றான் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "நீங்க அதப் போட்டு நோண்டி இருக்கிறதயும் ஒடச்சுப் போடாதீங்க."

"ஒங்க அண்ணன் வண்டின்னா புக்குல ஒங்க அண்ணன் பேரு இருக்கணும் தம்பி. ஏம் பேருல்ல இருக்கு?"

இருந்தது. பைக் வாங்கிய நேரத்தில் அவள் புருஷன் ஜோன் அடையாள அட்டையைத் தொலைத்திருந்தான். லைசன்ஸும் அவளிடம் இருந்தது. இரத்தினபுரிக்குப் போய் ஒரே தடவையில் பாஸ் பண்ணி வந்தாள். அன்றைக்கு அதே வரிசையில் நின்ற ரெஜினோல்ட் பெயில். அதை அவன் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டான். ஜோனைப் பற்றிக் கேட்காதீர்கள். "ரெண்டு மாசத்துல வாறேன்" என்று கொழும்புக்குப் போனவன் வத்தளைப் பக்கம் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவன் பேச்சை எடுத்தால் வாய்தான் நாறும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் ஜீவராணி கோழியை விரட்டினாள், சாக்கை உருவினாள். சங்கிலி துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டாள். டயருக்குக் காற்றடித்தாள், காற்று நின்றது. பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, எஞ்சினில் ஒட்டவைத்துக் கிக்கரை மிதித்தாள். நீலமாகப் பொறி பறந்தது. கரண்ட் இருக்கிறது, அப்படியென்றால் பெட்ரோல்தான் போகவில்லை. கையில் ஒரு போத்தல் புதுப் பெட்ரோல் இருந்தது. அதை டாங்கியில் ஊற்றி, சோக்கை இழுத்துவிட்டு மிதி மிதியென்று மிதித்தாள்.

நாற்பதாவது மிதியிலோ என்னவோ அது இருமியது, புகை கக்கியது, பிடித்தும் கொண்டது. ஜீவராணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. சோக்கை மெதுவாக உள்ளே தள்ளினாள், நின்றுவிட்டது. திரும்பப் பிடித்தது, சோக்கைத் தள்ளியதும் திரும்ப நின்றது.

"அதுக்கு மூச்சு முட்டுது," என்றாள் பக்கத்து வீட்டு அந்தோனியம்மா. அவளும் பால் வெட்டுகிறவள். ஜீவராணிக்கும் அவளுக்கும் ஒரே மலை, பக்கத்துப் பக்கத்து வரிசை. "நாளைக்குத் தள்ளிக்கிட்டுப் போய் நிரோஷன்கிட்ட காட்டுவோம்டி."

நிரோஷனின் கராஜ் கேட்டுக்கு வெளியே, தாரோட்டில் இருந்தது. அந்தச் சிங்களப் பொடியன் கெட்டிக்காரன், சும்மா சொல்லக்கூடாது. சனிக்கிழமை காலையில் வண்டியைப் பார்த்ததுமே காபரேட்டர் என்று சொல்லிவிட்டான். பெட்ரோலும் காற்றும் கலக்கிற இடம் அதுதான். கழற்றினான், அடிக்கிண்ணத்தைத் திறந்தான். உள்ளே பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஏதோ அப்பியிருந்தது. நின்ற பெட்ரோல் இப்படித்தான் கெட்டுப் பிசினாகும் என்று சிங்களத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டே மருந்தடித்தான், காற்றடித்தான், திரும்பப் பூட்டினான். பிடித்தது. சோக்கைத் தள்ளியும் நிற்கவில்லை. ஜீவராணி ஏறி மதகு வரைக்கும் ஓட்டினாள். மதகில் நின்றுபோயிற்று.

தள்ளிக்கொண்டு திரும்பினார்கள். திரும்பக் கழற்றினான், திரும்ப அதே பிசின். சுத்தம் பண்ணினான். இந்தத் தடவை மதகுக்கு முந்தியே நின்றது. மூன்றாவது தடவை கழற்றும்போது அவன் முகம் செத்துப்போய்விட்டது.

"மேக்க இவரய் அக்கே," என்று கையை விரித்துவிட்டான். இது முடிந்த கதை, புதுக் காபரேட்டர்தான் போட வேண்டும், கொழும்பிலிருந்து புதன்கிழமை வரும் என்றான்.

புதன்கிழமை யாருக்கு வேண்டும்? புதன்கிழமை வரைக்கும் ஹாஜியார் வாயில் விரலை வைத்துக்கொண்டு நிற்பாரா?

"கமக் நே மல்லி, பரவால்ல, பூட்டித் தாங்க, நான் கொண்டு போறேன்," என்றாள் ஜீவராணி பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும். மூன்று தரம் கழற்றியதையும் அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஆணி எங்கே, எந்த வயர் எதன் மேல், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். மூன்று தரம் பார்த்தவளுக்கு நாலாவது தரம் தன் கையால் கழற்ற வராதா என்ன?

மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறும்போது ரெஜினோல்டின் த்ரீவீலர் பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது.

"ஏத்திக்கவா அண்ணி? பைக்கயும் சேத்துக் கட்டி இழுத்துட்டுப் போய் பழைய இரும்புக் கடையில விட்டுர்றேன். நாளக்கழிச்சு நான் ஹாஜியார் காணிக்குப் போறேன். ஒங்களுக்கும் ஏதாவது பாத்துக் குடுப்பேன்ல, விட்டுருவேனா?"

"விடுங்க தம்பி, வழிய விடுங்க," என்றாள் அந்தோனியம்மா. ஜீவராணிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் அரை மைல் மேட்டையும் மூச்சு விடாமல் தள்ளிக்கொண்டு ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துச் சனமெல்லாம் வெளுத்த உடுப்போடு பூசைக்குப் புறப்பட்டது. ஜீவராணி வாசலில் சாக்கை விரித்து அதன் மேல் காபரேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தாள்.

"பூசைக்கு வராம இருந்தா ஆண்டவர் கோவிச்சுக்குவாருடி," என்றாள் அந்தோனியம்மா.

"கோவிச்சுக்கட்டும். நாளைக்கு வேல கெடச்சதும் சமாதானம் பண்ணிக்கிறேன். இப்ப நீ போறியா, இருக்கியா?"

அந்தோனியம்மா நல்ல சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பக்கத்தில் குந்திவிட்டாள்.

உள்ளே ஜெட் என்று ஒன்று இருக்கிறது. பித்தளையில் செய்த சின்ன ஆணி, நடுவில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை. பெட்ரோல் அதற்குள்ளால்தான் போயாக வேண்டும். ஜீவராணி பழைய கரண்ட் வயரை உரித்து, ஒற்றைச் செம்புக் கம்பியை எடுத்து, அந்த ஓட்டைக்குள் விட்டு மெதுவாக இழுத்தாள். கம்பி நுனியில் பழுப்பாக ஒரு நூல் வந்தது. விரலால் பிடித்து இழுத்தாள், நீண்டது. இன்னும் இழுத்தாள், இன்னும் நீண்டது. விட்டாள். சட்டென்று சுருங்கிக்கொண்டது.

ஜீவராணி அதைத் திரும்ப இழுத்துப் பார்த்தாள். பெட்ரோல் கெட்ட பிசின் நொறுங்கும், தூளாகும். இப்படி இழுபடுமா? இருபது வருடமாக ஒவ்வொரு நாளும் நகக்கண்ணிலிருந்து அவள் உரித்தெடுக்கிற சாமான் அல்லவா இது!

"அந்தோனியம்மா, இத உருட்டிப் பாரு. என்னான்னு சொல்லு."

அந்தோனியம்மா உருட்டினாள், மோந்தாள். கண் விரிந்துபோயிற்று. "ஒட்டுப்பாலுடி! வெட்டுன எடத்துல காஞ்சி ஒட்டியிருக்கிற அதே ஒட்டுப்பாலு. அடியே, பைக்குக்குள்ள எவடி பாலு ஊத்துனது?"

கேள்வியை முடிப்பதற்குள் ஜீவராணிக்குப் பதில் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் முகம் சூடாகிப்போனது.

"நாந்தான்டி ஊத்துனேன்."

நாட்டில் பெட்ரோல் இல்லாமல் போன அந்த வருடம் யாருக்கு மறக்கும்? ரெண்டு பகல் ஒரு ராத்திரி அலைந்து, டவுனில் ஒரு வீட்டில் ஐந்து லீட்டர் பதுக்கல் பெட்ரோல் வாங்கினாள். ஊற்றிக் கொண்டுவர வீட்டில் கேன் இல்லை. தன் பால் கேனையே சவர்க்காரம் போட்டு நாலு தரம் கழுவி எடுத்துக்கொண்டு போயிருந்தாள். பால் வெட்டுகிற கேன் கழுவினால் சுத்தமாகிவிடுமா? வருடக்கணக்கில் காய்ந்து காய்ந்து உள்ளே தோல் மாதிரிப் பிடித்திருக்குமே! பெட்ரோலைப் பத்திரமாக இரண்டு வாரம் அதிலேயே பூட்டிவைத்தாள். பிறகுதான் டாங்கியில் ஊற்றினாள். பெட்ரோலில் றப்பரைக் கரைத்துத்தான் பஞ்சருக்குப் பசை செய்கிறார்கள் என்று தோட்டத்தில் நண்டு சிண்டுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்குப் பெட்ரோல் கிடைத்த சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

பைக் நாலு நாள் இருமிவிட்டுப் படுத்தது. ஜோன் அதை ஒரு உதை உதைத்து, "ஒன் ராசிக்கு வண்டியும் படுத்துருச்சு" என்றான். அடுத்த மாதம் கொழும்புக்குப் போய்விட்டான். மூன்று வருடமாக அந்தச் சொல் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது.

"ராசியாவது மண்ணாங்கட்டியாவது!" என்று அவள் போட்ட சத்தத்தில் கோழி கூரைக்குப் பறந்தது. "கேனுடி! வெறும் பால் கேனு! இதுக்குப் போய் நான் மூணு வருஷமா என்னையே திட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். நான் கெடுத்தேன், நானே சரி பண்ணுறேன். தூக்குடி டாங்கிய."

இப்போது எல்லாம் பிடிபட்டுவிட்டது. நிரோஷன் காபரேட்டரைத் துடைத்துத் துடைத்துப் பூட்டினான், பசைப் பானை மேலே டாங்கியில் அல்லவா இருக்கிறது? ஒவ்வொரு தடவையும் மேலேயிருந்து புதுப் பசை இறங்கினால் எந்த மெக்கானிக்கால் என்ன செய்ய முடியும்?

டாங்கியைக் கழற்றிப் பழையதைச் சாய்த்தார்கள். தேன் மாதிரி வந்தது. ஓடையிலிருந்து பொடிக் கல்லை அள்ளி, கழுவிக் காயவைத்து, எண்ணி நூறு கல் உள்ளே போட்டார்கள். கேட்டுக் கடையிலிருந்து அந்தோனியம்மா சோடாப் போத்தலில் பெட்ரோல் வாங்கி வந்தாள். அதை ஊற்றி ஊறவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். குலுக்கக் குலுக்க உள்ளே சத்தம் மந்தமாகிக்கொண்டு வந்தது. கவிழ்த்ததும் கல்லெல்லாம் அப்பிக்கொண்டு கொய்யாக்காய் அளவில் ஒரு கட்டி வழுக்கி வந்து விழுந்தது.

"பெத்துப் போட்டுருச்சுடி!" என்று அந்தோனியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஜீவராணிக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. கல்லை எண்ணிப் பார்த்தார்கள், ஆறு குறைந்தது. அந்த ஆறும் வரும்வரை இன்னும் இரண்டு தரம் கழுவினார்கள். டாங்கிக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற டெப்பின் வலையிலும் தோல் படிந்திருந்தது. அதை உரித்தாள். பெட்ரோல் குழாயை ஊதினாள். ஜெட் இரண்டையும் சூரியனுக்கு நேரே பிடித்தாள். ஓட்டைக்குள்ளால் வெளிச்சம் வட்டமாகத் தெரியும்வரை விடவில்லை.

எல்லாவற்றையும் பூட்டி முடிக்கிற நேரத்துக்குப் பூசை முடிந்து சனம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? போகவில்லை. வேடிக்கை பார்க்க வட்டம் கட்டி நின்றது. ரெஜினோல்ட் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஜீவராணி சோக்கை இழுத்தாள், மிதித்தாள். ஒன்றுமில்லை. யாரோ "ம்க்கும்" என்றார்கள். இரண்டாவது மிதியும் சும்மா போனது. மூன்றாவது மிதியில் பிடித்துக்கொண்டது. சோக்கைத் தள்ளினாள், நிற்கவில்லை. முறுக்கினாள், உறுமியது. விட்டாள், டக் டக் டக்கென்று நிதானமாக ஓடியது. ஒரு பானைச் சோறு வேகிற நேரம் அவள் அதை அணைக்கவே இல்லை. மேல் லயம், கீழ் லயம், கோயில் வளைவு, மதகு எல்லாம் சுற்றிவிட்டு வந்து இறங்கினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. புகை என்று சொல்லிக்கொண்டாள்.

ரெஜினோல்ட் பக்கத்தில் வந்தான். குரலே மாறிவிட்டது.

"நல்லா இருக்கே அண்ணி! சாவியக் குடுங்க. நாளைக்கு நானே ஓட்டுறேன், நீங்க பின்னால ஒக்காந்துக்குங்க. ரெண்டு பேருமா வெட்டுவோம். அந்த இருட்டுல பொம்பள தனியா ஓட்டிட்டுப் போனா சனம் என்ன சொல்லும்?"

"நீங்களே இங்கன நின்னு கேட்டு வைங்க தம்பி. நான் வேல முடிஞ்சு வந்து தெரிஞ்சுக்கிறேன்," என்று சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

திங்கட்கிழமை விடியுமுன் ஜீவராணி புறப்பட்டுவிட்டாள். தலையில் தொப்பி, முதுகுப் பையில் கத்தியும் தீட்டுக்கல்லும். ஏழு மைலில் ஒரு இடத்தில்கூட பைக் இருமவில்லை. காணிக்குப் போகிற மண் ரோட்டில் திரும்பியபோது ஆறுக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. ஆனால் ரோட்டோரம் ஏற்கெனவே ஒரு த்ரீவீலர் நின்றது. அவள் அதைத் தாண்டி மரங்களுக்குள் வண்டியை விட்டாள்.

றப்பர் மரங்களுக்கு அடியில் இன்னும் இருட்டுத்தான். ரெஜினோல்ட் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு முதல் மரத்தில் கத்தி போட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி ஹாஜியார் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்ன புள்ள, ஒங்கட பைக் ஓடல்ல, நீங்க வாறதில்லண்டு இவர் சொன்னாரே?" என்றார் ஹாஜியார். அவருக்கே தர்மசங்கடமாக இருந்தது. "நான் இவருக்குச் சொல்லிட்டேன். இவர் கத்தியும் வெச்சிட்டார். இனி என்ன செய்ற?"

ரெஜினோல்ட் திரும்பிப் பார்க்கவில்லை. "அண்ணி லேட்டு மொதலாளி," என்றான் மரத்தைப் பார்த்தபடியே.

லேட்டாம்! ஆறாக இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது. ஜீவராணிக்கு வந்த ஆத்திரத்தில் கத்தியிருப்பாள். ஆனால் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கத்தி மரத்தில் இறங்குகிற சத்தம் காதில் விழுந்தது. பட்டையைச் சீவினால் சர்ரென்று மெல்லிய சத்தம் வரும். இது கடக் கடக்கென்றது. பால் வெட்டுகிறவளுக்கு அந்தச் சத்தம் போதும்.

அவள் எஞ்சினை அணைக்கவில்லை. பைக்கை அப்படியே உருட்டிக்கொண்டு வந்து மரத்துக்கு நேரே ஸ்டாண்ட் போட்டு, ஹாண்டிலைத் திருப்பினாள். அந்தக் காலத்து வண்டி. எஞ்சின் ஓடினால்தான் முன் லைட் எரியும், முறுக்கினால் வெளிச்சம் கூடும். எஞ்சின் ஒரு துளி பிசகாமல் ஓடியது, லைட் முழுசாக மரத்தில் விழுந்தது.

"மொதலாளி, கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க."

ஹாஜியார் வந்தார், கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். பட்டையோடு நிற்க வேண்டிய வெட்டு மரத்துக்குள் போயிருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை மரம் பச்சையாகப் பிளந்து தெரிந்தது. பால் வெட்டின வழியில் ஓடாமல் காயத்திலிருந்து பட்டையெல்லாம் வழிந்து மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ்! இந்த மரத்த அறுத்துப் போட்டீங்களே! இது இனி எப்ப ஆறுற?" ஹாஜியார் குடையைத் தரையில் குத்தினார். "கத்திய வைங்க. வைங்கண்டு சொல்றேன்! புள்ள, நீங்க அடுத்த மரத்திலேந்து தொடங்குங்க. முந்நூறும் ஒங்களுக்குத்தான். இவர் இனி இந்த வேலிக்குள்ள வரப்படாது."

ரெஜினோல்ட் கத்தியை இறக்கினான். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை அவனுக்கு. ஹாஜியாரைப் பார்க்க முடியவில்லை, மரத்தையும் பார்க்க முடியவில்லை. முகத்துக்கு நேரே வெளிச்சம். கையைத் தூக்கி மறைத்துக்கொண்டான்.

"அண்ணி, அந்த லைட்ட அணைங்க. கண்ணு கூசுது."

ஜீவராணி எக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினாள்.